நிரப்பப்படாத குழல்கள் – ஷஹீத் திப்பு சுல்தானும் மைசூர் ராக்கெட்டும்



2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கர்நாடக மாநிலம் ஷிவமொக்கா மாவட்டத்தைச் சேர்ந்த நகரா என்னும் ஊரில், பாழடைந்து கிடந்த கிணறு ஒன்றைத் தொல்லியல் துறையினர் தோண்டினார்கள். நீர் வற்றிப்போன அக்கிணற்றின் மண்ணில் வெடிமருந்தின் வாடை வீசியதே தோண்டுவதற்குக் காரணமாயிற்று. மண்ணை அகற்ற அகற்ற, துருப்பிடித்த இரும்புக் குழல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிவந்தன. எண்ணிப் பார்த்தபோது ஆயிரத்தையும் தாண்டின. அவை மைசூர் அரசின் படை பயன்படுத்திய ராக்கெட்டுகள். ஏவப்படாமலேயே இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக மண்ணுக்குள் உறங்கியவை.

அவற்றைச் செய்வித்த மாமன்னர் ஷஹீத் திப்பு சுல்தான் (ரஹ்) அவர்களைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசப்படுகிறது. புலியோடு போரிட்டதும், வாளேந்திய கையுடன் மாண்டதும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அன்னாரின் ராக்கெட் ஏன் பிறந்த மண்ணில் முழு வளர்ச்சி அடையவில்லை, பகைவர் கையில் மட்டும் எப்படி வளர்ந்தது என்னும் கேள்வியை நாம் அதிகம் கேட்பதில்லை. அக்கேள்வியை முன்வைத்து அன்னாரின் வாழ்க்கையை ஒருமுறை பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பிறப்பும் குடும்பமும்

சுல்தான் அவர்கள் 1750ஐ ஒட்டிய காலத்தில், இன்றைய பெங்களூருக்கு வடக்கேயுள்ள தேவனஹள்ளியில் பிறந்தார்கள். தந்தை ஹைதர் அலீ. தாயார் ஃபாத்திமா ஃபக்ருன்னிஸா. ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் அவ்லியா அவர்களின் நினைவாகவே குழந்தைக்குத் திப்பு எனப் பெயரிடப்பட்டது. ஆக, அந்தப் பெயரே நம் தமிழ் மண்ணிலிருந்து சென்றதாகும்.

ராக்கெட்டும் அக்குடும்பத்திற்குப் புதியதன்று. திப்புவின் பாட்டனார் ஃபத்ஹ் முஹம்மது அவர்கள் கர்நாடக நவாபின் படையில் ராக்கெட் வீரர்கள் 50 பேருக்குத் தலைவராகப் பணியாற்றியவர்கள். முகலாயர், மராத்தியர் படைகளிலும் இவ்வாயுதம் இருந்தது. அவர்கள் அதனைப் பான் என்றழைத்தார்கள். நம் ஊர்த் திருவிழாக்களில் விடப்படும் வாணமும் அதன் இனமே. ஆனால் அக்காலத்து வாணங்களில் பெரும்பாலானவற்றின் கூடு காகிதத்தாலோ மூங்கிலாலோ ஆனது. எனவே போர்க்களத்தில் அது பகைவரின் குதிரைகளையும் யானைகளையும் மிரட்டுவதற்கு மட்டுமே பெரிதும் உதவியது.

ஹைதர் அலீ அவர்கள் எழுதப் படிக்க அறியாதவர்கள். சாதாரணச் சிப்பாயாகத் தொடங்கி, தம் திறமையாலும் நினைவாற்றலாலும் மைசூர் அரசையே நடத்தும் நிலைக்கு உயர்ந்தவர்கள். தமக்குக் கிடைக்காத கல்வி தம் மகனுக்குக் கிடைக்கவேண்டும் என்பதில் அன்னார் உறுதியாக இருந்தார்கள். திப்பு அவர்கள் குர்ஆனோடு அரபி, பார்சி, உர்தூ, கன்னடம் ஆகிய மொழிகளையும் கற்றார்கள். குதிரையேற்றமும் வாள்வீச்சும் துப்பாக்கிப் பயிற்சியும் உடன் நடந்தன. 1767ஆம் ஆண்டு முதலாம் மைசூர்ப் போர் மூண்டபோது, பதினேழு வயதளவில் இருந்த திப்பு ஒரு குதிரைப் படையை நடத்திச் சென்று சென்னைப் பட்டணத்தின் எல்லைவரை எட்டிப் பார்த்துத் திரும்பினார்கள். நூலும் வாளும் ஒரே கையில் பழகிய அந்த வளர்ப்பு, பிற்காலத்தில் அன்னாரின் ஆட்சி முழுவதிலும் தெரிந்தது.

இரும்பினால் வந்த மாற்றம்

மைசூர் ராக்கெட்டின் சிறப்பு அதன் கூட்டில் இருக்கிறது. குழலுக்குள் அடைக்கப்பட்ட மருந்து எரியும்போது காற்று பெருகிப் பின்புறத் துளைவழியே பாய்கிறது. அப்பாய்ச்சலின் எதிர்விசையே குழலை முன்னோக்கித் தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் எவ்வளவு மிகுமோ அவ்வளவு வேகமும் தூரமும் கூடும். காகிதக் கூடும் மூங்கில் கூடும் மிகுந்த அழுத்தத்தைத் தாங்கமாட்டா, வெடித்துவிடும். மைசூர்க் கொல்லர்கள் நல்ல இரும்பைத் தகடாக அடித்து, உருட்டிக் குழலாக்கி, அதற்குள் மருந்தைக் கெட்டித்தார்கள். அக்குழலைத் தோல் வாரினால் நீண்ட மூங்கில் கழியோடு பிணைத்தார்கள். பறக்கும்போது குழல் தலைகீழாகச் சுழன்றுவிடாமல் திசையைக் காப்பது அக்கழியின் வேலை. சிலவற்றில் கழிக்குப் பதிலாக வாளின் அலகைப் பிணைத்ததும் உண்டு.

இதன் பயனாக ராக்கெட் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தூரம் சென்றது. அவற்றில் வலியவை இரண்டு கிலோமீட்டர் தூரத்தையும் எட்டின. அன்றைய ஐரோப்பாவில் எவரிடமும் இதற்கு இணையான போர் ராக்கெட் இருக்கவில்லை. உலகில் முதன்முதலாக வெற்றியோடு பயன்படுத்தப்பட்ட இரும்புக்கூட்டு ராக்கெட் இதுவே என்று வரலாற்றாசிரியர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.

ஹைதர் அலீ அவர்களிடம் 1,200 பேர் கொண்ட ராக்கெட் படை இருந்ததாகவும், திப்பு சுல்தான் அவர்கள் அதனை 5,000 வரை பெருக்கியதாகவும் குறிப்புகள் உள்ளன. கஷூன் எனப்பட்ட ஒவ்வொரு படைப்பிரிவிலும் ராக்கெட் வீரர்கள் 200 பேர் சேர்க்கப்பட்டார்கள். குழலின் விட்டத்தையும் பகைவர் நிற்கும் தூரத்தையும் கணக்கிட்டு எந்தச் சாய்வில் ஏவவேண்டும் என்பதற்கு அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒரே நேரத்தில் ஐந்து முதல் பத்துவரை ஏவக்கூடிய சக்கர வண்டிகளும் இருந்தன. படை ஒழுங்குமுறைகளை எல்லாம் தொகுத்து ஃபத்ஹுல் முஜாஹிதீன் என்னும் பார்சி நூலை ஜைனுல் ஆபிதீன் ஷுஸ்தரீ என்பாரைக் கொண்டு சுல்தான் அவர்கள் எழுதுவித்தார்கள்.

புள்ளலூர்ப் போர்

இவ்வாயுதத்தின் வலிமையை ஆங்கிலேயர் உணர்ந்தது நம் காஞ்சிபுரத்திற்கு அருகிலுள்ள புள்ளலூரில்தான். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் கர்னல் பெய்லி என்பவரின் தலைமையில் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட கும்பெனிப் படை அவ்வழியே வந்துகொண்டிருந்தது. காஞ்சிபுரத்தில் தங்கியிருந்த ஹெக்டர் மன்றோவின் பெரும்படையோடு சேர்வதே அதன் நோக்கம். இரண்டும் இணைந்துவிடாதபடி இடையே புகுந்து தடுக்கும் பொறுப்பு இளவரசர் திப்புவிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது.

மைசூர்ப் படையின் பீரங்கிகளும் ராக்கெட்டுகளும் பெய்லியின் படையைச் சூழ்ந்து தாக்கின. போரின் நடுவே கும்பெனிப் படையின் வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடித்தன. அதற்குப் பின் அப்படையால் தலைநிமிர முடியவில்லை. பெரும்பாலோர் மாண்டார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். பெய்லியும் சிறைப்பட்டு 1782இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறந்தார். சில மைல் தூரத்திலிருந்த மன்றோ தம் பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்குப் பின்வாங்கினார். அன்று சிறைப்பட்டோரில் டேவிட் பெயர்டு என்னும் இளம் அதிகாரியும் ஒருவர். இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் மீண்டும் வரும்.

இந்தியாவில் ஆங்கிலேயர் அதுவரை கண்ட தோல்விகளில் இதுவே மிகப் பெரியது. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் 1784இல் எழுந்த தரியா தவ்லத் மாளிகையின் சுவரில் இப்போர்க் காட்சி ஓவியமாகத் தீட்டப்பட்டு இன்றும் காணக் கிடைக்கிறது.

பட்டறைகளை நாடிய அரசர்

1782 டிசம்பர் 7ஆம் நாள் ஹைதர் அலீ அவர்கள் சித்தூருக்கு அருகே பாசறையில் மறைந்தார்கள். மலபாரில் போர்முனையில் இருந்த திப்பு அவர்கள் விரைந்து வந்து பொறுப்பேற்றார்கள். 1784 மார்ச் 11ஆம் நாள் கையெழுத்தான மங்களூர் உடன்படிக்கையோடு இரண்டாம் மைசூர்ப் போர் முடிந்தது. கிழக்கிந்தியக் கும்பெனியை ஓர் இந்திய அரசர் சமநிலையில் நிறுத்தி உடன்படிக்கை செய்துகொண்டது பெரும் நிகழ்வாகக் கருதப்படுகிறது.

அதன்பின் கிடைத்த சில அமைதியான ஆண்டுகளைச் சுல்தான் அவர்கள் தொழிலுக்குச் செலவிட்டார்கள். வங்காளத்திலிருந்து பட்டுப்புழுவை வரவழைத்து வளர்க்கச் செய்தார்கள். மைசூர்ப் பட்டின் பெருமைக்கு வித்து அங்கே விழுந்தது. ஸ்ரீரங்கப்பட்டணம், பெங்களூர், சித்திரதுர்க்கம், நகரா ஆகிய ஊர்களில் தாராமண்டல்பேட்டை என்னும் பெயரில் தொழிற்பகுதிகள் இயங்கின. தாராமண்டலம் என்றால் விண்மீன் கூட்டம். ராக்கெட் செய்யும் பேட்டைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமையாது. பீரங்கி வார்ப்பதும், ஐரோப்பிய முறையில் சக்கிமுக்கித் துப்பாக்கி செய்வதும் நடந்தன. துப்பாக்கியின் குதிரையிலும் குழல்வாயிலும் புலியின் உருவமும் புலிவரியும் பொறிக்கப்பட்டன. அத்துப்பாக்கிகளில் பல இன்று இங்கிலாந்தின் அரண்மனைகளிலும் அருங்காட்சியகங்களிலும் இருக்கின்றன. அவற்றின் வேலைப்பாடு ஐரோப்பியத் துப்பாக்கிக்குச் சற்றும் குறைந்ததன்று.

தம்மிடம் இல்லாத அறிவைத் தேடிப் பெறுவதில் சுல்தான் அவர்களுக்கு வெட்கம் இருக்கவில்லை. 1786இல் உதுமானியக் கலீஃபாவிடம் கப்பல்களில் பெரியதொரு தூதுக்குழுவை அனுப்பினார்கள். அரசியல் ஆதரவோடு துப்பாக்கி, பீரங்கி, கண்ணாடி, பீங்கான் செய்யத் தெரிந்த கைவினைஞர்களையும் கேட்டுவரச் சொன்னார்கள். ஆனால் சென்றவர்களில் பெருந்தொகையினர் நோயிலும் கடலிலும் மாண்டார்கள், சிலரே திரும்பினார்கள். 1788இல் மற்றொரு தூதுக்குழு பாரிஸ் சென்று பதினாறாம் லூயி மன்னரைச் சந்தித்தது. மன்னர் மரியாதை செய்தாரே ஒழிய, படை உதவிக்கு வாக்குத் தரவில்லை. கைவினைஞர்கள் சிலர் மட்டும் தூதர்களுடன் வந்து சேர்ந்தார்கள். மறு ஆண்டே பிரான்சில் புரட்சி வெடித்தது. உதவி கேட்ட வீடே தீப்பற்றிக்கொண்டது.

பாதி நாடு போனது

1790இல் மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியது. இம்முறை கும்பெனியோடு ஹைதராபாத் நிஜாமும் மராத்தியரும் சேர்ந்துகொண்டார்கள். 1791 மார்ச்சில் காரன்வாலிஸ் பெங்களூரைக் கைப்பற்றினார். பட்டறைகள் நிறைந்த ஊர் அது. அடுத்த ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டணமே முற்றுகையிடப்பட, சுல்தான் அவர்கள் உடன்படிக்கைக்கு இணங்க நேர்ந்தது. நாட்டின் பாதி பறிபோனது. திண்டுக்கல்லும், இன்றைய சேலம், கிருஷ்ணகிரிப் பகுதிகள் அடங்கிய பாராமகாலும், மலபாரும், குடகும் கைவிட்டுப் போயின. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கப்பட்டது. அது செலுத்தப்படும்வரை பிணையாக, சிறுவர்களான அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் என்னும் இரண்டு புதல்வர்களையும் சென்னைக்கு அனுப்பவேண்டியதாயிற்று.

ஒரு தந்தையின் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். பணத்தைச் செலுத்தி 1794இல் பிள்ளைகளை மீட்டார்கள். ஆனால் அந்தப் பணம் வேறொன்றையும் விழுங்கியது. பட்டறைகளை வளர்க்கவும், செய்த பொருளைச் சோதித்துத் திருத்தவும் தேவையான செல்வமும் காலமும் அதில் கரைந்துபோயின.

ஓர் இரவும் ஒரு காலையும்

1798இல் பிரெஞ்சுத் தீவான மொரீஷியசுக்குச் சுல்தான் அவர்கள் அனுப்பிய தூது வெளிப்பட்டுவிட்டது. உதவிக்கு வந்தவர்களோ நூறு பேர் அளவில்தான். ஆனால் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லிக்குப் போர் தொடுக்க அது போதிய சாக்காகிவிட்டது. 1799இல் சென்னையிலிருந்தும் பம்பாயிலிருந்தும் படைகள் புறப்பட்டன.

ஏப்ரல் 5ஆம் நாள் இரவு ஸ்ரீரங்கப்பட்டணத்திற்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பில் நடந்த மோதல் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. கவர்னர் ஜெனரலின் தம்பி ஆர்தர் வெல்லெஸ்லி இருளில் அத்தோப்பைப் பிடிக்க முயன்றார். மைசூர் வீரர்கள் ராக்கெட்டுகளையும் துப்பாக்கிக் குண்டுகளையும் பொழிந்தார்கள். இருளைக் கிழித்து வந்த நெருப்பின் நடுவே ஆங்கிலப் படை வழி தெரியாமல் சிதறியது. சிலர் சிறைப்பட்டார்கள். வெல்லெஸ்லிக்கு முழங்காலில் அடிபட்டது. தோல்வியோடு நள்ளிரவில் பாசறைக்குத் திரும்பினார். பிற்காலத்தில் நெப்போலியனை வென்று வெல்லிங்டன் பிரபு எனப் புகழ்பெற்றவர் இவரே.

ஆனால் பொழுது விடிந்தது. மறுநாள் பகல் வெளிச்சத்தில் பீரங்கிகளோடு கூடுதல் படை வந்து அதே தோப்பை அதிகச் சிரமமின்றிக் கைப்பற்றியது. இரவில் ராக்கெட் வென்றது, காலையில் தோற்றது. ஏன்?

அஞ்சச் செய்யும் ஆற்றல் அதற்கு இருந்தது. குறியைத் தவறாமல் தாக்கும் ஆற்றல் இருக்கவில்லை. குழல்களின் அளவும் மருந்தின் அளவும் ஒன்றுபோல் இல்லாததால், ஒரே சாய்வில் ஏவிய இரண்டு ராக்கெட்டுகள் வெவ்வேறு இடங்களில் விழுந்தன. பெருங்கூட்டமாக வரும் படைமீது திரளாக ஏவும்போது அது பேரழிவாக அமைந்தது. கோட்டைக்கு எதிரே அகழி வெட்டிப் பதுங்கி, பெரும் பீரங்கிகளால் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும் முற்றுகைப் படையின்மீது அதன் பலன் குறைவு. இக்குறைகள் தீராதவை அல்ல. தீர்ப்பதற்கு ஆய்வும் அவகாசமும் வேண்டும். சுல்தான் அவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை.

ஷஹாதத்

மே 2ஆம் நாள் ஆங்கிலேயரின் குண்டொன்று கோட்டைக்குள் ராக்கெட்டுகள் சேர்த்துவைக்கப்பட்டிருந்த கிடங்கில் விழுந்து, அது பெரும் ஓசையோடு வெடித்துச் சிதறியது. மதிலில் உடைப்பும் ஏற்பட்டது. மே 4ஆம் நாள் நண்பகல் கடந்தவுடன், வெயில் உச்சியில் இருந்தபோது, உடைப்பின் வழியே படை உள்ளே புகுந்தது. அதனை நடத்திவந்தவர், புள்ளலூரில் சிறைப்பட்டு மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் விலங்கோடு கிடந்த அதே டேவிட் பெயர்டு. அந்நேரத்தில் சம்பளம் வாங்கக் காவல் வீரர்களை மதிலிலிருந்து மீர் சாதிக் விலக்கிக்கொண்டான் என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

செய்தி வந்தபோது சுல்தான் அவர்கள் உணவில் அமர்ந்திருந்தார்கள். உண்ணாமல் எழுந்து மதிலுக்கு விரைந்தார்கள். சாதாரணப் போர்வீரனைப் போலத் துப்பாக்கி எடுத்துச் சுட்டார்கள். காயங்கள் பட்ட பின்னரும் சரணடைய மறுத்து வாயிற்புறத்தில் போரிட்டு ஷஹீதானார்கள். உடல்களின் குவியலுக்கிடையே விளக்கொளியில் தேடித்தான் அன்னாரின் உடலைக் கண்டெடுத்தார்கள். மறுநாள் கும்பஸில் தந்தை ஹைதர் அலீ அவர்களின் அருகே நல்லடக்கம் நடந்தது. அன்று மாலை இடியும் மின்னலுமாகப் பெரும் புயல்மழை கொட்டியது என்பதை ஆங்கில அதிகாரிகளே பதிவு செய்திருக்கிறார்கள். சுல்தான் அவர்களின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 1806 ஜூலை 10ஆம் நாள் வேலூரில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பின், புதல்வர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள்.

கோட்டையைக் கைப்பற்றியவர்கள் கணக்கெடுத்தபோது, ராக்கெட் ஏவும் சாதனங்கள் 600, ஏவத் தயாரான ராக்கெட்டுகள் 700, மருந்து நிரப்பப்படாத வெற்றுக் குழல்கள் 9,000 இருந்தன. சகோதரர்களே, இக்கணக்கைச் சற்று நின்று கவனியுங்கள். 700 தயார்; 9,000 வெறுமை. கொல்லர்கள் தங்கள் வேலையைச் செய்து முடித்திருந்தார்கள். மருந்து நிரப்பத்தான் முடியாமல் போயிற்று.

குழல் போன இடம்

ஸ்ரீரங்கப்பட்டணத்தின் செல்வங்கள் பங்கிடப்பட்டன. ஏறத்தாழ 2,000 கையெழுத்து நூல்கள் கொண்ட நூலகம் கல்கத்தாவுக்கும் பின்னர் ஒரு பகுதி லண்டனுக்கும் போனது. ராக்கெட்டுகளில் சில லண்டனுக்கு அருகிலுள்ள வூல்விச் ஆயுதச்சாலையைச் சென்றடைந்தன.

அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் இந்திய ராக்கெட்டைப் பற்றிக் கேட்டறிந்து ஆய்வைத் தொடங்கினார். முதலில் லண்டனில் கிடைத்த பெரிய வாணங்களைத் தம் கைப்பணத்தில் வாங்கிச் சோதித்தார். அவை மைசூர் ராக்கெட் சென்ற தூரத்தில் பாதியளவே சென்றன. மருந்தின் கலவையையும் குழலின் அளவையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். 1805இல் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன்மீது நடத்த முயன்ற தாக்குதல் தோல்வியில் முடிந்தது. அவர் தளரவில்லை. காகிதக் கூட்டைக் கைவிட்டு இரும்புக் கூட்டிற்கு வந்தார். மைசூர்க் கொல்லர்கள் எப்போதோ கண்டுகொண்டதை அவர் அப்போது ஏற்றுக்கொண்டார். 1806இல் அதே பூலோன் தீப்பற்றியது. 1807இல் கோபன்ஹேகன் எரிந்தது. 1813இல் லைப்சிக் போரில் ஆங்கில ராக்கெட் படை கலந்துகொண்டது. 1814இல் அமெரிக்காவின் பால்டிமோர்க் கோட்டைமீது ஏவப்பட்ட ராக்கெட்டின் செந்நிற ஒளி அந்நாட்டின் தேசிய கீதத்திலேயே இடம்பெற்றுவிட்டது.

காங்கிரீவ் செய்த பெரிய காரியம் ஒன்று உண்டு. ராக்கெட்டுகளை எடைவாரியாக வகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் அளவு, மருந்து, கழியின் நீளம், செல்லும் தூரம் ஆகியவற்றை நிலைப்படுத்தி, நூலாக எழுதி வெளியிட்டார். அவரது 32 பவுண்டு ராக்கெட் 3,000 கெஜம் சென்றது. 1828இல் அவர் இறந்தார். வேலை நிற்கவில்லை. 1844இல் வில்லியம் ஹேல் என்பவர் கழியே இல்லாமல், தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு நேராகப் பறக்கும் ராக்கெட்டை உருவாக்கினார்.

ஆயினும் ஐரோப்பாவிலும் அன்றைய ராக்கெட்டின் குறி முழுமையாகச் சீர்படவில்லை. சுல்தான்பேட்டையில் அதன் அச்சத்தை அனுபவித்த வெல்லிங்டனே தம் படையில் அதனைச் சேர்த்துக்கொள்ளப் பெரிதும் தயங்கினார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புரியிட்ட பீரங்கிகள் வந்ததும் ராக்கெட் பின்தள்ளப்பட்டது. அதன் முழு ஆற்றல் வெளிப்பட இருபதாம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது.

நிறையும் குறையும்

வரலாற்றைப் பேசும்போது நீதி தவறக்கூடாது. சுல்தான் அவர்கள் குறைகளே இல்லாதவர்கள் அல்லர். குடகு மக்கள்மீதும் மங்களூர்க் கிறிஸ்தவர்கள்மீதும் அன்னார் எடுத்த நடவடிக்கைகள் கடுமையானவை. அவற்றின் காயம் அம்மக்களின் நினைவில் இன்றும் உண்டு. அதே சுல்தான் அவர்கள்தாம் 1791இல் மராத்தியப் படையினர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது அம்மடத்தின் தலைவருக்கு மரியாதையோடு கடிதங்கள் எழுதி, மீண்டும் வழிபாடு நடக்கப் பொருளுதவி செய்தார்கள். இரண்டும் ஒரே மனிதரின் வாழ்வில் உள்ளவை. ஒன்றைச் சொல்லி மற்றொன்றை மறைப்பது அமானிதத்திற்கு ஏற்றதன்று.

தோல்வியின் காரணத்தைச் சொல்லும்போதும் அவ்வாறே. நம் பேச்சாளர்கள் மீர் சாதிக்கின் துரோகத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். துரோகம் ஒரு கோட்டையை வீழ்த்தலாம். ஒரு தொழிலை ஏன் அழியச் செய்தது? சுல்தான் அவர்கள் மறைந்தபின் தாராமண்டல்பேட்டைகளில் ராக்கெட் தொழில் தழைக்கவில்லை. அத்தொழில் அரியணையைச் சார்ந்து நின்றது. ஆதரித்தவரும் பொருள் கொடுத்தவரும் ஊக்கியவரும் ஒருவரே. அந்த ஒருவர் சாய்ந்தபோது எல்லாம் சாய்ந்தது. வூல்விச்சில் ஒருவர் போனால் அடுத்தவர் வந்தார். அங்கே அறிவு ஒரு மனிதரின் சொத்தாக இராமல் ஒரு நிலையத்தின் சொத்தாக இருந்தது. வீரத்தில் நாம் குறைந்திருக்கவில்லை; கைத்திறனிலும் குறைந்திருக்கவில்லை. தொடர்ச்சியில் குறைந்துவிட்டோம்.

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் வாலப்ஸ் என்னுமிடத்தில் நாசாவின் ராக்கெட் தளம் ஒன்று உள்ளது. 1960களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக அங்கே சென்ற நம் இராமேஸ்வரத்து அப்துல் கலாம் அவர்கள், வரவேற்புக் கூடத்தில் ஓர் ஓவியத்தைக் கண்டார்கள். ராக்கெட்டுகள் பறக்கும் போர்க்களம் அது. உற்று நோக்கியபோது, ஆங்கிலேயரை எதிர்த்து நிற்கும் திப்பு சுல்தானின் படை என்று தெரிந்தது. சொந்த நாட்டில் மறக்கப்பட்டவர் அந்நிய நாட்டில் போற்றப்படுவதைக் கண்டு நெகிழ்ந்ததைத் தம் அக்னிச் சிறகுகள் நூலில் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். 1963 நவம்பர் 21ஆம் நாள் திருவனந்தபுரத்திற்கு அருகே தும்பாவிலிருந்து இந்திய மண்ணின் முதல் ஆய்வு ராக்கெட் விண்ணில் பாய்ந்தபோது, அப்பணியில் கலாம் அவர்களும் இருந்தார்கள். 2015இல் அவர்கள் மறைந்த பின்னும் அப்பணி நிற்கவில்லை. ஏனெனில், இம்முறை அது ஒரு மனிதரைச் சார்ந்து நிற்கவில்லை.

ஜமாஅத் என்னும் சொல்லுக்கே ஒன்றுகூடிய கூட்டம் என்பது பொருள். ஒரு முத்தவல்லி மறைந்தால் பள்ளியின் கணக்கு நின்றுவிடக்கூடாது. ஓர் ஆசிரியர் ஊர் மாறினால் மதரஸாவின் பாடம் தடைப்படக்கூடாது. ஒரு செல்வந்தர் கையை மூடினால் ஏழை மாணவரின் படிப்பு முடங்கிவிடக்கூடாது. கைத்தொழில் அறிந்த பெரியவர்கள் தாம் அறிந்ததைத் தம்மோடு மண்ணறைக்குக் கொண்டுசெல்லாமல் இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுக்கவேண்டும். கற்பவர்கள் அதனை எழுதி வைக்கவேண்டும். நம் பிள்ளைகளிடம் அறிவும் திறமையும் இருக்கின்றன. அக்குழல்களை நிரப்பாமல் வைத்துவிட்டுப் பின்னால் வருந்தும் நிலை நமக்கு வரவேண்டாம்.

வல்ல நாயன் ஷஹீத் திப்பு சுல்தான் அவர்களின் குற்றம் குறைகளை மன்னித்து, அவர்களின் தியாகத்தை ஏற்று, மறுமையில் உயர்ந்த பதவியை வழங்குவானாக. ஆமீன்.